கால் இன்ச் தண்டு... அரை இன்ச் ஆசை! இம்பேக்ட் டிரைவருக்கு சாக்கெட் அடாப்டர் எதுவரை தாங்கும்?

வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் லாங் பஜாருக்கு வருகிற விவசாயிகள் வெறுங்கையோடு ஊர் திரும்புவதில்லை. காய்கறி மூட்டையை இறக்கிவிட்டு, கயிறு, சாக்கு, மண்வெட்டிப் பிடி, பம்ப்செட்டுக்கு வாஷர் என்று ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். சில வருடங்களாக அந்தப் பட்டியலில் பேட்டரியில் ஓடும் இம்பேக்ட் டிரைவரும் சேர்ந்திருக்கிறது. ஆட்டுக்கொட்டகைக்கு ஷீட் அடிப்பது, பரண் பலகையை முடுக்குவது, நிழல்வலைக் கூடாரத்தின் குழாய்களைப் பூட்டுவது என்று கூலியாள் கிடைக்காத காலத்தில் பல வேலைகளை அது ஒற்றை ஆளாகச் செய்துவிடுகிறது.

அதோடு சேர்த்து வாங்கப்படும் சின்னப் பொருள்தான் சாக்கெட் அடாப்டர். அணைக்கட்டு பகுதி வாசகர் ஒருவரின் கேள்வி அதைப் பற்றியதுதான். 9 கொத்துக் கலப்பையின் கொழுக்களை மாற்றும்போது அடாப்டர் நன்றாக உழைத்திருக்கிறது. அதே தைரியத்தில் ரோட்டவேட்டர் கத்திகளைக் கழற்றப் போனார். மூன்றாவது போல்ட்டிலேயே அடாப்டர் பட்டென்று முறிந்துவிட்டது. பாதித் தண்டு டிரைவருக்குள் சிக்கிக்கொண்டது. மீதி சாக்கெட்டோடு தெறித்து ஓடியது. இன்னொன்று வாங்கி டிராக்டர் சக்கர நட்டில் வைத்தார், அதுவும் முறிந்தது. ‘கடையில் போலிச் சரக்கு கொடுத்துவிட்டார்களா, இல்லை மெஷினே சரியில்லையா?’ என்பது அவருடைய சந்தேகம்.

போலிச் சரக்காகவும் இருக்கலாம். ஆனால், நல்ல சரக்காக இருந்திருந்தாலும் அந்த நட்டில் அதுவும் முறிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அடாப்டர் அளவை மாற்றிக் கொடுக்குமே தவிர, பலத்தைக் கூட்டிக் கொடுக்காது. பூட்டினால் பொருந்துகிறது என்பதற்காக, சுமை கொடுத்தால் தாங்கும் என்று பொருளல்ல.

டிரைவர் வேறு... ரெஞ்ச் வேறு!

இம்பேக்ட் டிரைவர், இம்பேக்ட் ரெஞ்ச் இரண்டும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போலவே இருக்கும். இரண்டுக்குள்ளும் வேலை செய்யும் முறை ஒன்றுதான். மோட்டார் சுற்றும்போது, அதன் முன்னால் ஸ்பிரிங் தாங்கிய ஒரு சுத்தியலும், அதற்கு எதிரே ஒரு பட்டடையும் இருக்கும். ஸ்குரூ லேசாகச் சுற்றும் வரை இரண்டும் சேர்ந்தே சுற்றும். இறுக்கம் கூடியதும் சுத்தியல் பின்வாங்கி, தப்பித்துச் சுற்றிவந்து பட்டடையைப் பக்கவாட்டில் அடிக்கும். நிமிடத்துக்கு 3,000 அடிகளுக்கு மேல் விழும். ‘டக டக டக’ என்று கேட்பது அந்தச் சத்தம்தான்.

வித்தியாசம் முனையில் இருக்கிறது. டிரைவரின் வாய், கால் இன்ச் அறுகோணத் தண்டைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. அதாவது 6.35 மில்லிமீட்டர். ரெஞ்சின் முனையில் சதுரக் கட்டை இருக்கும்; பரவலாகக் கிடைக்கும் ரெஞ்சுகளில் அது அரை இன்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். டிரைவர் ஸ்குரூவுக்காகப் பிறந்தது. ரெஞ்ச் நட்டு போல்ட்டுக்காகப் பிறந்தது. ஒரு பக்கம் கால் இன்ச் அறுகோணம், மறுபக்கம் சதுரக் கட்டை என்று இரண்டுக்கும் பாலம் போடுவதுதான் அடாப்டர்.

இரண்டு மடங்கு தடிமன்... எட்டு மடங்கு பலம்!

ஒரு தண்டின் முறுக்குத் தாங்கும் சக்தி, அதன் தடிமனோடு நேர்க்கணக்கில் ஏறுவதில்லை. தடிமன் இரண்டு மடங்கானால் சக்தி 2 பெருக்கல் 2 பெருக்கல் 2, அதாவது 8 மடங்காகும். கால் இன்ச் தண்டையும் அரை இன்ச் கட்டையையும் ஒரே எஃகில் செய்தால், இரண்டுக்கும் இடையே சுமார் எட்டு மடங்கு வித்தியாசம் இருக்கும். அடாப்டரின் ஒரு முனை அரை இன்ச்சாக இருந்து என்ன பயன்? மறுமுனை கால் இன்ச்தானே!

இரண்டு அங்குலக் குழாய் போட்டு, நடுவில் ஒரு சாண் அளவுக்கு அரை அங்குலக் குழாயைச் செருகினால் கடைமடைக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடாப்டரின் கணக்கும் அதுதான். மிகக் குறுகலான இடம் எவ்வளவு தாங்குகிறதோ, மொத்த அமைப்பும் அவ்வளவுதான் தாங்கும்.

முறுக்கு விசையை ‘நியூட்டன் மீட்டர்’ என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் நட்டின் மீது விழுவது ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். நல்ல எஃகில் செய்த கால் இன்ச் தண்டுகூட, நிலையான முறுக்கில் 50, 60 நியூட்டன் மீட்டரைத் தாண்டும்போதே பழைய நிலைக்குத் திரும்ப முடியாத முறுக்கத்தை நெருங்கிவிடும்.

‘டிரைவர் பெட்டியில் 170 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறதே?’ என்று கேட்கலாம். அது பொய்யில்லை. ஒவ்வோர் அடியும் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே விழுவதால், தண்டு வில் போல முறுங்கி நிமிர்ந்து, அடியின் ஒரு பகுதியைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் தண்டு உடனே முறிவதில்லை. அதே காரணத்தால்தான் பெட்டியில் எழுதியிருக்கும் விசை முழுவதும் நட்டுக்குப் போய்ச் சேருவதும் இல்லை. நட்டு அசையாமல் நிற்கும்போது, நிமிடத்துக்கு 3,000 அடியும் அந்த மெல்லிய கழுத்தின் மேல்தான் விழுகிறது.

எந்த போல்ட் வரை போகலாம்?

8.8 என்று தலையில் முத்திரை குத்திய சாதாரண எஃகு போல்ட்டுகளை இறுக்கத் தேவைப்படும் விசை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

எம்-6 போல்ட் (10-ம் நம்பர் ஸ்பேனர்): 10 நியூட்டன் மீட்டர்.
எம்-8 போல்ட் (13-ம் நம்பர்): 25 நியூட்டன் மீட்டர்.
எம்-10 போல்ட் (17-ம் நம்பர்): 50 நியூட்டன் மீட்டர்.
எம்-12 போல்ட் (19-ம் நம்பர்): 85 நியூட்டன் மீட்டர்.
எம்-16 போல்ட் (24-ம் நம்பர்): 210 நியூட்டன் மீட்டர்.

இதில் முதல் மூன்றும் அடாப்டருக்கு உரிய வேலை. ஷீட் ஸ்குரூ, கிளாம்ப், தெளிப்பானின் சட்டம், பவர் வீடரின் மூடி, நிழல்வலைக் குடில் போன்றவை எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். எம்-12 எல்லைக்கோடு. துருப்பிடிக்காத நட்டு என்றால் கழற்றலாம். ஆனால், கடைசி இறுக்கத்தைக் கையால்தான் கொடுக்க வேண்டும். எம்-16, டிராக்டர் சக்கர நட்டு, ரோட்டவேட்டரின் கியர்பாக்ஸ் போல்ட்டுகள் ஆகியவை அடாப்டரின் வேலையே இல்லை. பின்சக்கர நட்டுகளுக்கு 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் கேட்கும் டிராக்டர்கள் பல உண்டு. சரியான அளவு டிராக்டரோடு கொடுத்த கையேட்டில் இருக்கும்.

அணைக்கட்டு வாசகருக்குக் கொத்துக் கலப்பை கைகொடுத்து, ரோட்டவேட்டர் கைவிட்டதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. 9 கொத்துக் கலப்பையில், ஒரு கொழுவுக்கு இரண்டு வீதம் மொத்தம் 18 போல்ட்டுகள். அளவும் சிறியது, கொழுவை அடிக்கடி திருப்பிப் போடுவதால் மரையும் உறைந்திருக்காது. 6 அடி ரோட்டவேட்டரிலோ வழக்கமாக 42 கத்திகள். கத்திக்கு இரண்டு வீதம் 84 போல்ட்டுகள். ஈரச்சேற்றிலும் மணலிலும் ஒரு பருவம் முழுக்கப் புரண்டவை. மண்ணும் துருவும் சேர்ந்து மரையைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற, இறுக்கியபோது கொடுத்ததைவிடப் பல நேரங்களில் அதிக விசை தேவைப்படும். அட்டவணையில் இருப்பது இறுக்கும் கணக்கு மட்டும்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பாலாற்றுப் பக்கத்தில் துருவே பெரிய எதிரி!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்து விவசாயிகளுக்கு இந்தப் பிரச்னை இன்னும் ஒரு படி கூடுதல். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் கிணறுகளை உப்பாக்கிய கதை ஊரறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவர்தான் அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்று 1996-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது. அப்படி உப்பு ஏறிய தண்ணீர் படும் இடத்திலெல்லாம் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். பம்ப்செட்டின் ஃபிளாஞ்ச் போல்ட், வால்வு நட்டு, ஃபில்டரின் கிளாம்ப் எல்லாம் நல்ல தண்ணீர் ஊர்களைவிடச் சீக்கிரமே உறைந்துபோகும். யூரியா, பொட்டாஷ் படியும் உரம் தூவும் கருவிகளிலும் இதே நிலைதான்.

எம்-10 போல்ட்தானே என்று இந்த ஊர்களில் அடாப்டரை நம்பி இறங்கக் கூடாது. அளவைப் பார்ப்பதற்கு முன்னால் துருவைப் பார்க்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தமாகத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு, முடிந்தால் ஓர் இரவு ஊறவிட வேண்டும். காலையில் நட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, ரிங் ஸ்பேனரால் முதல் அசைவைக் கொடுக்க வேண்டும். ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வந்து நட்டு அசைந்துவிட்டால், அதற்குப் பிறகு டிரைவர் வேலையை முடித்துக் கொடுக்கும். பிணைப்பை உடைப்பது ஸ்பேனரின் வேலை. சுழற்றி எடுப்பது டிரைவரின் வேலை.

டிரைவரை வைத்துவிட்டு நட்டு அசையும் வரை விசையை அழுத்திக்கொண்டே நிற்பதுதான் அடாப்டரைக் கொல்லும் பழக்கம். ஐந்து விநாடிக்குள் அசையவில்லை என்றால் கையை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் இறுக்கும் பக்கம், கொஞ்சம் கழற்றும் பக்கம் என்று மாற்றி மாற்றி ஆட்டிப் பார்க்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் ஸ்பேனர்தான் வழி.

ஏன் ஒருநாள் திடீரென்று முறிகிறது?

‘ஆறு மாதமாக நன்றாகத்தானே இருந்தது!’ என்பது அடாப்டர் முறிந்த எல்லோரும் சொல்வது. கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் கையோடு வந்துவிடும் அல்லவா? எஃகுத் தண்டும் அப்படித்தான். ஒவ்வொரு கடினமான நட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலை விட்டுச் செல்கிறது. கீறல் வளர்ந்து வளர்ந்து, ஒருநாள் லேசான நட்டிலேயே தண்டு முறிந்துவிடும். கடைசி நட்டு வெறும் சாக்குதான்.

முறியும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. டிரைவரின் வாயை விட்டு தண்டு வெளியே வரும் இடம். மெல்லிய தண்டு தடித்துச் சதுரமாக மாறும் கழுத்து. சாக்கெட் கழன்று விழாமல் பிடிக்கும் குட்டி உருண்டைக்காகச் சதுரத்தில் போட்ட துளை. வாரத்துக்கு ஒருமுறை இந்த மூன்று இடங்களையும் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தால் போதும். அறுகோணத்தின் விளிம்புகள் நேராக இல்லாமல் லேசாகத் திருகியிருந்தாலோ, கழுத்தில் முடி போன்ற கோடு தெரிந்தாலோ, உருண்டை தளர்ந்திருந்தாலோ தயவு தாட்சண்யம் பார்க்காமல் தூக்கிப்போட வேண்டும். நிமிர்த்துவது, வெல்டிங் வைப்பது எல்லாம் ஆபத்து. வெல்டிங் சூட்டில் எஃகின் பதம் போய்விடும்.

ஒருவகையில் அடாப்டர் முறிவது நல்லதும்கூட. அது ஃபியூஸ் போல. அது முறியாமல் தாங்கியிருந்தால் அந்த அடியெல்லாம் டிரைவரின் வாய்க்கும் பட்டடைக்கும் போயிருக்கும். சில நூறு ரூபாய் அடாப்டர் போனது, சில ஆயிரம் ரூபாய் மெஷின் பிழைத்தது. ஆனால், ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் தடித்த கம்பியைப் போடுவதா, லோடைக் குறைப்பதா என்பதுதான் கேள்வி.

லாங் பஜாரில் வாங்கும்போது...

முதலில் பார்க்க வேண்டியது எஃகின் வகை. பளபளவென்று வெள்ளி போல் மின்னும் சாக்கெட்டுகள் கையால் திருகுவதற்கானவை. அவை குரோம் வனேடியம் எஃகில் செய்து, குரோம் பூச்சு கொடுத்தவை. சுவர் மெல்லியதாகவும் கடினமாகவும் இருக்கும். தொடர் அடி விழுந்தால் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும். சாக்கெட்டே வெடித்துப் பிளக்கவும் கூடும். இம்பேக்ட் வேலைக்கான சாக்கெட்டுகள் குரோம் மாலிப்டினம் எஃகில், தடித்த சுவரோடு, கறுப்பு நிறத்தில் வரும். ஆம்பூர் பக்கத்தில் ‘குரோம்’ என்றால் தோல் பதனிடும் நினைவுதான் வரும். இங்கே அது எஃகில் கலந்திருக்கிறதா, மேலே பூசப்பட்டிருக்கிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கறுப்பாக இருப்பதெல்லாம் இம்பேக்ட் சாக்கெட் அல்ல. கறுப்புப் பெயின்ட் அடித்தும் விற்கலாம். எஃகின் வகையும் ‘இம்பேக்ட்’ என்ற சொல்லும் உடலில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அடாப்டர் ஒரே துண்டாகச் செய்யப்பட்டதாக இருப்பது நல்லது. இரண்டு துண்டுகளைச் செருகி ஒட்டியது என்றால் இணைப்பில் கோடு தெரியும். கண்ணாடி மேஜை மீது உருட்டிப் பார்த்தால் கோணல் இருப்பது தெரிந்துவிடும். பில் வாங்காமல் வரக் கூடாது.

பொதுவாக கால், முக்கால்வாசி அரை, அரை இன்ச் சதுரம் என்று மூன்று அளவுகளைச் சேர்த்து விற்பார்கள். நடுவில் இருப்பது 3/8 இன்ச். விவசாய வேலைக்கு இந்த 3/8 இன்ச் ஒன்றே போதும். 10, 13, 17-ம் நம்பர் சாக்கெட்டுகள் அதில் கிடைக்கும். எடை குறைவு என்பதால் அடியும் அதிகம் வீணாகாது. அரை இன்ச் அடாப்டர் கையில் இருந்தால், வீட்டில் கிடக்கும் 24-ம் நம்பர் சாக்கெட்டை மாட்டிப் பார்க்கும் ஆசை வந்துவிடும். பாதி அடாப்டர்கள் அந்த ஆசையில்தான் சாகின்றன.

அடாப்டருக்கு மேல் அடாப்டர், அதற்கு மேல் நீட்டிப்புத் தண்டு என்று கோத்துக்கொண்டே போகவும் கூடாது. ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம்; ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் விசை வீண்.

இறுக்குவதுதான் உயிர்ப் பிரச்னை!

கழற்றும்போது அடாப்டர் முறிந்தால் பணம்தான் போகும். இறுக்கும்போது ஏமாந்தால் உயிரே போகலாம். டிரைவர் ‘டக டக’ என்று அடித்து நின்றதும் நட்டு முழுதாக இறுகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அடியில் பாதியை அடாப்டரே விழுங்கியிருக்கும் என்பது காதுக்குத் தெரியாது. அப்படி அரைகுறையாக இறுகிய சக்கர நட்டோடு, கரும்பு லோடு ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராக்டர் ரோட்டில் ஏறுவதை நினைத்துப் பார்க்க வேண்டும். சின்ன போல்ட்டுகளில் இதற்கு நேர் எதிர். எம்-6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். டிரைவர் ஒரு நொடியில் அதைத் தாண்டி மரையை வழித்துவிடும்.

எனவே, முதல் இரண்டு மூன்று மரைகளைக் கையால் ஏற்ற வேண்டும். பிறகு டிரைவரால் உட்காரும் வரை ஓட்டலாம். கடைசி இறுக்கத்தை ஸ்பேனரால் கொடுக்க வேண்டும். சக்கர நட்டு என்றால் டார்க் ரெஞ்சால் அளந்து கொடுக்க வேண்டும். ரோட்டவேட்டர் கத்தி மாற்றிய பிறகு ஒரு மணி நேரம் உழுதுவிட்டு, எல்லா போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்லது.

ரோட்டவேட்டருக்கு அடியில் கை வைப்பதற்கு முன் பி.டி.ஓ-வை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பாமல் கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். சாக்கெட் மாற்றும்போது டிரைவரின் பேட்டரியைக் கழற்றிவிடுவது நல்லது. கண்ணாடி அணியாமல் இம்பேக்ட் வேலை செய்யவே கூடாது. அணைக்கட்டு வாசகரின் அடாப்டர் தெறித்தபோது அது கண் பக்கம் போகாதது அவருடைய அதிர்ஷ்டம்.

கேட்கக்கூடிய சில கேள்விகள்...

‘ரெஞ்ச் வாங்க வசதியில்லை, என்ன செய்வது?’

வருடத்துக்கு இரண்டு முறை கத்தி மாற்ற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரெஞ்ச் தேவையில்லை. ரோட்டவேட்டர் வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து அரை இன்ச் இம்பேக்ட் ரெஞ்ச் ஒன்று வாங்கலாம். டிரைவரும் ரெஞ்சும் ஒரே கம்பெனி, ஒரே வோல்ட் வரிசையாக இருந்தால் பேட்டரி இரண்டுக்கும் பொருந்தும். கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் இயந்திரம் வாங்கிய உழவர் உற்பத்தியாளர் குழுக்கள், தங்கள் ரோட்டவேட்டரோடு ஒரு ரெஞ்சையும் சேர்த்து வைத்துக்கொண்டால் குழுவுக்கே பயன்படும்.

‘டிரைவருக்குள் முறிந்து சிக்கிய துண்டை எப்படி எடுப்பது?’

பேட்டரியைக் கழற்றிவிட்டு, வாயின் வளையத்தை முன்னால் இழுத்துப் பிடித்து, தலைகீழாகக் கவிழ்த்து மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் விழுந்துவிடும். விழவில்லை என்றால் வலுவான காந்தத்தை முனையில் வைத்து இழுக்கலாம். ஆணியை விட்டு நெம்பினால் உள்ளே இருக்கும் உருண்டைகள் கெட்டுவிடும்.

‘ஒரு அடாப்டர் எத்தனை நாள் உழைக்கும்?’

நாள் கணக்கில் சொல்ல முடியாது. ஷீட் ஸ்குரூவும் 13-ம் நம்பர் நட்டும் மட்டும் போட்டால் வருடக்கணக்கில் வரும். துருப்பிடித்த 24-ம் நம்பர் நட்டில் வைத்தால் ஒரு நிமிடம்கூட வராது. இரண்டு அடாப்டர் வாங்கி, ஒன்றை மாற்றாக வைத்துக்கொள்வது சிக்கனம்தான். விதைப்பு நேரத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டுக்காக லாங் பஜாருக்கு ஓடினால், பஸ் காசோடு ஒருநாள் ஈரமும் போய்விடும்.